குருகு மட்டுமே சாட்சி: ரகசியம் யாரைக் காக்கிறது?

#1 கார்முகில்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வாரமாக ஒரு பாட்டு என்னை விடமாட்டேன் என்கிறது. குறுந்தொகை 25, கபிலர் பாடியது. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு, அதாவது நாரை, இருந்தது. தினைத்தாள் போல மெல்லிய பச்சைக் கால். ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் மீன் மேல் இருந்தது.

பள்ளியில் படித்தபோது ‘களவு’ (கல்யாணத்துக்கு முன் மறைவாகக் காதலிப்பது) என்றாலே ஏதோ இனிப்பான விஷயம் போலத் தோன்றும். வகுப்பில் சிரிப்போம். இப்போது நாற்பதைத் தாண்டி அதே ஐந்து வரியைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. ரகசியத்தில் இரண்டு பேருக்கும் சமபங்கு. அவன் மறுத்தால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை; நடந்தது நடக்காததாகிவிடும், அவ்வளவுதான். அவளுக்கு வாழ்க்கையே போய்விடும்.

கேட்க வந்தது இதுதான். ரகசியம் யாரைக் காக்கிறது? இலக்கியம், வரலாறு, வீடு, வேலை, எங்கிருந்து வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

#2 ஏட்டுச்சுவடி

சரியான பாட்டை எடுத்தீர்கள் கார்முகில். ‘கள்வன்’ என்பதைச் செல்லமாகவும் படிக்கலாம், வழக்காகவும் படிக்கலாம். உங்களைப் போலவே எனக்கும் வயது ஏற ஏற வழக்காகத்தான் கேட்கிறது.

ஒன்றைச் சேர்க்கிறேன். அக மரபில் களவு என்பது வாசல் இல்லாத அறை கிடையாது. அது எப்படி வெளியே வரவேண்டும் என்பதற்கும் முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் ஊர்ப்பேச்சு. அதிலேயே இரண்டு நிலை உண்டு. அம்பல் என்பது மொட்டு. வாய்க்குள் முணுமுணுப்பு, யாரைப் பற்றி என்று முழுசாக விளங்காது. அலர் என்பது பூத்துவிட்ட பேச்சு. இன்னார் மகள், இன்னான் என்று ஊருக்கே தெரியும். வதந்திக்குப் பூவின் பெயர்! வள்ளுவர் இன்னும் ஒரு படி போகிறார். ஊர்ப்பேச்சு எருவாக, அம்மா திட்டுவது நீராக, இந்தக் காதல் நோய் வளர்கிறது என்று குறள் 1147-இல் தலைவி சொல்கிறாள். மறைத்தால் பட்டுப்போகும் என்று நினைத்ததைப் பேச்சே வளர்த்துவிடுகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. வீட்டில் வேறு மாப்பிள்ளை பேச ஆரம்பித்து, இனி மறைத்தால் பெண்ணுக்கு ஆபத்து என்ற கட்டம் வரும்போது தோழி வாயைத் திறக்கிறாள். தலைவி தோழியிடம், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். ஒவ்வொரு படியிலும் கேட்பவர் அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. இந்தத் துறைக்குப் பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. ரகசியத்தை உடைக்கிற செயலுக்கு அறத்தோடு நிற்பது என்று பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். காட்டிக்கொடுத்தல் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே, என் பார்வையில், ரகசியம் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு தோழி இருக்கிறாளா என்பதே முதல் கேள்வி.

#3 மழைக்காலம்

ஏட்டுச்சுவடி ஐயா, தோழி இல்லாத ரகசியத்துக்குக் குந்தியை விட்டால் யார்? கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டவள். அதற்குப் பிறகு ஒரு ஆயுள் முழுக்க வாய் திறக்கவில்லை.

எல்லோரும் குந்தியைப் பேசுவார்கள். எனக்கு ஆச்சரியம் கர்ணன். போருக்கு முன்பே கண்ணன் சொல்லி அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. ‘இதைத் தருமனிடம் சொல்லாதே’ என்று கேட்டுக்கொள்கிறான். தெரிந்தால் தருமன் அரசை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்கிறான். அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் போரே வேறு. தெரிந்தவர்களில் மூன்று பேரைப் பாருங்கள்: தாய், மகன், கண்ணன். மூன்று பேருக்கும் வாய் மூட மூன்று விதமான காரணம்.

போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் அவள் சொல்கிறாள், அவனும் உங்கள் அண்ணன், அவனுக்கும் நீர் விடுங்கள் என்று. தருமனுக்கு வந்த கோபத்தில் சாபம் கொடுக்கிறான்: இனிப் பெண்களுக்கு ரகசியம் தங்காமல் போகட்டும்.

நான் இங்கே நின்றுவிடுவேன். ஒரு பெண் அத்தனை காலம் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள் என்பதற்குத் தண்டனை, பெண்களால் ரகசியம் காக்க முடியாது என்ற பழி! அதே ரகசியத்தைக் காத்த கண்ணனுக்கு ஒரு சொல் இல்லை. சாபம் இன்றைக்கும் பேச்சுவழக்கில் ஓடுகிறது, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

#4 நிலைக்கண்ணாடி

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தோழி, பூ, நாரை என்று பேசிப் பேசி ரகசியத்துக்கு நாம் ஒரு மென்மை கொடுத்துவிடுகிறோம். உலகத்தில் பெரிய ரகசியங்களை வைத்திருப்பவர்கள் காதலர்கள் இல்லை.

அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932-இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வு தொடங்கியது. 600 கறுப்பின ஆண்கள். 399 பேருக்குச் சிஃபிலிஸ், 201 பேருக்கு இல்லை. ‘கெட்ட ரத்தம்’, அதற்குச் சிகிச்சை தருகிறோம் என்று சொல்லி வைத்தார்கள். நோயை அதன் போக்கில் விட்டால் உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் உண்மையான நோக்கம். 1940-களின் கடைசியில் பெனிசிலின் இந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972-இல் ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்ட பிறகுதான் நின்றது. 40 வருடம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வரிசையாக அச்சாகிக்கொண்டே இருந்தன. முதல் கட்டுரை 1936-இலேயே வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம், மருத்துவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் அந்த 600 பேரும் அவர்கள் வீட்டாரும் மட்டும்தான்.

இன்னொன்று. 1940-இல் ‘கட்டின்’ (Katyn) என்ற காட்டிலும் வேறு இடங்களிலும் போலந்து அதிகாரிகள் உட்பட சுமார் 22,000 பேரைச் சோவியத் ரகசியக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜெர்மானியர்கள் 1941-இல் செய்தது என்று சோவியத் தரப்பு கிட்டத்தட்ட 50 வருடம் சாதித்தது. 1990-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை போலந்தில் ஒரு நினைவுக்கல்லில் 1940 என்று பொறித்தால் குற்றம், 1941 என்று பொறித்தால் பொய். ஒரே ஒரு இலக்கம். அந்த வீட்டுப் பெண்கள் எதைப் பொறித்திருப்பார்கள்?

எனவே என் கட்சி: எல்லாம் திறந்திருக்க வேண்டும். விதிவிலக்கு ஓட்டுப் பெட்டி ஒன்றுதான். அதுவும் நம் குடவோலை முறையிலேயே ரகசிய வாக்கெடுப்பு இருந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

#5 திசைமானி

நிலைக்கண்ணாடி, ஓட்டுப் பெட்டி விதிவிலக்கு என்று சாதாரணமாகத் தாண்டிவிட்டீர்கள். அங்கேதான் உங்கள் ‘எல்லாம் திறந்திருக்கட்டும்’ இடிக்கிறது.

பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லோர் முன்பும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார். யார் யாருக்குப் போட்டார் என்று பெயரோடு புத்தகமே அச்சடித்து விற்றார்கள். நிலச்சுவான்தார் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு தன் குத்தகைக்காரன் பெயருக்கு நேரே விரல் வைத்துப் பார்க்கலாம். முழு வெளிப்படைத்தன்மை! அதை மாற்றத்தான் ரகசிய வாக்கு வந்தது. ஆஸ்திரேலியக் காலனிகள் 1856-லேயே கொண்டுவந்துவிட்டன.

அதன் நுட்பம் ஒன்றைக் கவனியுங்கள். நான் யாருக்குப் போட்டேன் என்பதை மறைக்க எனக்கு உரிமை இருந்தால் மட்டும் போதாது. நானே விரும்பினாலும் அடுத்தவருக்கு நிரூபித்துக் காட்ட முடியாதபடி இருக்க வேண்டும். என்னால் காட்ட முடியும் என்றால், ‘காட்டு’ என்று ஒருவன் மிரட்ட முடியும், காசு கொடுத்து வாங்கவும் முடியும். அதனால் இது கட்டாய ரகசியம். பலவீனமானவனுக்காகக் கட்டிய ரகசியம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுபக்கம், நான் கணினித் துறையில் இருப்பதால் அடிக்கடி நினைப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் லோரன்ஸ் சங்கேதத்தை உடைக்க டாமி ஃபிளவர்ஸ் என்ற தபால்துறைப் பொறியாளர் ‘கொலோசஸ்’ என்ற மின்னணு இயந்திரத்தைக் கட்டினார். 1944 தொடக்கத்தில் முதல் இயந்திரம் வேலைக்கு வந்தது, போர் முடியும்போது 10 ஓடிக்கொண்டிருந்தன. போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள். ஃபிளவர்ஸ் தன் கையாலேயே உலையில் போட்டார். 1970-கள் வரை இதைப் பற்றி மூச்சுவிட முடியாது. 1946-இல் அமெரிக்காவின் எனியாக்கை உலகுக்குக் காட்டியபோது அதுதான் முதல் மின்னணுக் கணினி என்று எல்லோரும் எழுதினார்கள், இவர் பேசாமல் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னும் கொடுமை ஜேம்ஸ் எல்லிஸ். யார் வேண்டுமானாலும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம் என்ற பொதுச்சாவி முறை இன்று இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல், பணம் எல்லாவற்றையும் காக்கிறது. அது சாத்தியம் என்று பிரிட்டிஷ் உளவு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து 1970 வாக்கிலேயே காட்டியவர் அவர். 1973-இல் அங்கேயே கிளிஃபர்ட் காக்ஸ் அதற்குக் கணக்கு வழி கண்டார். வெளியே இருந்தவர்கள் 1976, 77-இல் தாங்களாகவே கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்கள். அந்த நிறுவனம் உண்மையை வெளியே சொன்னது 1997 டிசம்பரில். எல்லிஸ் நவம்பரில் இறந்துவிட்டார்.

போர் நடக்கும்போது காத்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேவை முடிந்த பிறகும் ரகசியம் தன் பாட்டுக்கு இருந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் அதைத் திறப்பது யாருடைய வேலையும் இல்லை.

#6 ஏட்டுச்சுவடி

குடவோலை பற்றி ஒரு திருத்தம், நிலைக்கண்ணாடி வருத்தப்படக் கூடாது. அது ரகசிய வாக்கெடுப்பு இல்லை. வாக்கெடுப்பே இல்லை, திருவுளச்சீட்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டு. ஊரில் 30 குடும்பு (இன்றைய வார்டு போல), ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள்.

கல்வெட்டு கவலைப்படுவது மறைப்பதைப் பற்றி இல்லை, எதுவும் மறைந்துவிடக் கூடாது என்பதைப் பற்றி. சபை கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! பிறகு உரக்க வாசிக்க வேண்டும், அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே திரும்ப வாசிக்க வேண்டும்.

அந்த விரித்த கையை நான் பல தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ஆட்சிப் பொறுப்பைத் தொடுகிற கை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதனால் உங்கள் பெருமைக்குக் காரணம் இருக்கிறது, நீங்கள் சொன்ன காரணம் அது இல்லை.

#7 இரவுப்பணி

நான் பெரிசா படிச்சவ இல்ல, செவிலியரா 19 வருஷம். ‘செவிலி’ன்னு மேல எழுதியிருந்ததைப் பார்த்ததும் எழுதணும்னு தோணிச்சு.

புற்றுநோய் வார்டுல நாங்க தினமும் பாக்குற ரகசியம் ஒண்ணு. குடும்பத்துல இருந்து ஒருத்தர் வந்து காதோட சொல்வாங்க, ‘சிஸ்டர், அப்பாவுக்குத் தெரியாது. அல்சர்னு சொல்லியிருக்கோம்.’ ஃபைலை அவர் கண்ணுல படாம வைப்போம். அட்டையைத் திருப்பி வைப்போம். அவருக்கு எதிர்ல ரவுண்ட்ஸ்ல டாக்டர் பேசறதே வேற மாதிரி இருக்கும்.

ஒரு பெரியவர், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டிரிப் மாத்தப் போனேன். தூங்கலை. ‘எம்மா, எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். என் பிள்ளைங்களுக்குத் தெரியாது எனக்குத் தெரியும்னு. நீ சொல்லிடாத, பயந்துக்குவாங்க’ன்னாரு. விடிஞ்சதும் மகன் வந்து அதே கட்டில் பக்கத்துல நின்னு, ‘அல்சர்தான்ப்பா, சரியாயிடும்’ங்கிறான். அவரும் ‘ஆமாய்யா’ங்கிறாரு. எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணியிருக்கேன்.

பன்னிரண்டு நாள் அப்படியே ஓடிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசிக்கலை. நான் அன்னிக்கே ஏதாவது செஞ்சிருக்கணும்னு இப்பவும் தோணுது. இப்ப நான் செய்யறது: குடும்பம் சொல்லாதீங்கன்னா, சரி, ஆனா அவரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்னு முதல் நாளே சொல்லிடறேன்.

#8 திசைமானி

இரவுப்பணி அக்கா, இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்வதில்லை என்ற பக்கம் நின்றார்கள். 1979-இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதே வழக்கம் என்றார்கள். ஒரு தலைமுறைக்குள் கருணை என்பதன் பொருளே தலைகீழானது.

#9 நிலைக்கண்ணாடி

ஏட்டுச்சுவடி, திருத்தத்துக்கு நன்றி. பள்ளிப் பாடத்தில் இருந்து அப்படியே மனதில் தங்கிவிட்டது.

இரவுப்பணி எழுதியதைப் படித்த பிறகு என் பதிவைத் திரும்பிப் பார்த்தேன். டஸ்கீகியில் கோபம் வந்ததற்குக் காரணம் ரகசியம் என்பதாலா? யாருடைய உடம்போ அவர் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார் என்பதாலா? இரண்டாவதுதான் என்று இப்போது படுகிறது. அந்தப் பெரியவர் விஷயத்திலும் அதுதானே நடக்கிறது, அன்பினால் என்றாலும். அதிகாரத்தின் ரகசியத்தில் என் நிலை மாறவில்லை. அது விரித்த கையாகத்தான் இருக்க வேண்டும்.

#10 மழைக்காலம்

ஒரு சின்னக் கேள்வி. இங்கே நாம் ஒருவரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. பெயர் தெரிந்தால் இதில் பாதியை எழுதியிருக்க மாட்டோம். இதுவும் ரகசியம்தானே?

#11 ஏட்டுச்சுவடி

இதற்கும் பழைய விதி உண்டு. அகப்பாட்டில் தலைவன், தலைவி யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் இல்லாததால்தான் அந்தத் துயரம் யாருடையதாகவும் ஆகிறது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைப் பாருங்கள். வாடைக்காற்றில் தனியே தவிக்கும் அரசி, பாசறையில் தூக்கமில்லாத அரசன், எல்லாமே அகம். பெயர் எங்கும் இல்லை. ஆனால் அரசனோடு வரும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு கொத்து இலையால் ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இத்தனை கவனமாகப் பெயரைக் காத்த மரபு வேறு எங்கேனும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

#12 கார்முகில்

எல்லோருக்கும் நன்றி. ஏன் இந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிறேன். பெயர் இல்லாத இடம் என்பதால் சொல்கிறேன்.

கல்லூரியில் என் அறைத்தோழிக்கு ஒருவரோடு பழக்கம். எனக்கு மட்டும் தெரியும். கடிதங்களை நான்தான் வாங்கி வந்து கொடுப்பேன். இறுதியாண்டில் அவர் மாறிவிட்டார். விஷயம் பெரியவர்கள் வரை போனது. ‘எனக்கு அந்தப் பெண்ணை முகம் தெரியும், அவ்வளவுதான்’ என்றார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. எனக்கு அடுத்த திங்கட்கிழமை தேர்வு. ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சொன்னேன்.

ரகசியம் காப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கைக் காத்ததாகவே கணக்கு வைத்திருந்தேன். பாட்டை இப்போது படிக்கும்போது அந்தக் குருகு பார்க்கும் ஆரல் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏட்டுச்சுவடி ஐயா, ‘அறத்தொடு நிற்றல்’ என்று நீங்கள் எழுதிய இரவு தூங்கவில்லை. அந்தச் சொல்லைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வி.

#13 இரவுப்பணி

கார்முகில், 21 வயசுல நாலு பேருக்கு முன்னாடி நின்னது சின்ன விஷயம் இல்ல. உங்களை மட்டும் போட்டு வதைச்சுக்காதீங்க. அந்த ஆள் பொய் சொன்னாரு, கேட்ட பெரியவங்க பொண்ணு மூஞ்சியைக்கூட பாக்கலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?

#14 கார்முகில்

தெரியும் அக்கா. எண் இருந்தது, பல வருடமாக இருந்தது. நேற்று இரவு அழைத்தேன். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகள், வேலை, முதுகுவலி என்று அரை மணி நேரம் பேசினோம். கடைசியில், ‘அன்னிக்கு நான் தெரியாதுன்னு சொன்னேனே’ என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘உனக்கு ஞாபகம் இருக்கா? நான் மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன்’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பேசுகிறோம்.